நடப்பது நம் கணக்கு, நன்கொடை பிள்ளைகள் கணக்கு

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் கைப்பேசிக்கு ஒரு வகைத் தகவல் வரத் தொடங்கிவிடும். “நாங்கள் இத்தனை கிலோமீட்டர் நடக்கப் போகிறோம். கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி தாருங்கள். பணம் வெளிநாட்டில் உள்ள ஓர் ஏழைப் பள்ளிக்குப் போய்ச் சேரும்.” கூடவே ஓர் இணைப்பும், முதுகுப்பையோடு சிரிக்கும் நான்கைந்து இளையர் படமும் இருக்கும். இந்த ஆண்டு எனக்கு அப்படி மூன்று வந்தன. அவற்றில் இரண்டு ஒரே பாதையைப் பற்றியவை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரின் பேராலயத்தில் போய் முடியும் ‘காமினோ’ யாத்திரைப் பாதை அது.

நான் அந்தப் பாதையை நடந்தவன். நேப்பாளத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளிக்கு நிதி திரட்டிக்கொண்டே நடந்தவன். ஆகவே இப்படிப்பட்ட முயற்சிகளை நான் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் நடையையும் நன்கொடையையும் ஒன்றாகக் கட்டும்போது முடிச்சை எங்கே போடவேண்டும் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கல்லூரி இளையர் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாதையைப் பற்றி. இயேசுவின் சீடர்களில் ஒருவரான திருத்தூதர் யாக்கோபின் கல்லறை சந்தியாகோவில் இருப்பதாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மக்கள் நடந்து போகிறார்கள். பாதை ஒன்றல்ல, பல. அதிகம் பேர் போவது பிரெஞ்சுப் பாதை. பிரான்சின் எல்லை ஊரான சேன் ஜான் பியே தெ போரிலிருந்து பிரனீஸ் மலையைக் கடந்து சுமார் 780 கிலோமீட்டர். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எனக்கு 34 நாள் ஆயிற்று.

இவ்வளவு பழைய பாதை, ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்தது. 1980களின் நடுப்பகுதியில்கூட மிகச் சிலர்தான் நடந்தார்கள். ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத் தந்தை எலியாஸ் வலின்யா மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு போய் மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி வரையத் தொடங்கினார். இன்றும் யாத்திரிகர்கள் அந்த மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். 1987இல் ஐரோப்பிய மன்றம் அதைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2024இல் யாத்திரிகர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர்.

டிசம்பரில் போக நினைப்போருக்கு இடையில் ஒரு தகவல்: நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதிவரை பிரனீஸின் உயரமான வழியை மூடிவிடுவார்கள். பல விடுதிகளும் திறந்திருக்கா. அதனால்தான் மாணவர் குழுக்கள் சார்ரியா என்ற ஊரிலிருந்து கடைசி 115 கிலோமீட்டரை மட்டும் நடக்கின்றன. சான்றிதழுக்கு 100 கிலோமீட்டர் போதும்.

இனி பணம். ‘புனித யாத்திரையில் பணத்தைக் கலக்கலாமா?’ என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். காமினோவின் வரலாறு தெரிந்தால் அப்படிச் சுளிக்க மாட்டார்கள். அந்தப் பாதையைக் கட்டியதே கொடைதான். 11ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ என்றொருவர் யாத்திரிகர்களுக்காகவே ஓஹா ஆற்றின் மீது பாலம் கட்டினார், பாதை போட்டார், நோயாளிகளைத் தங்கவைக்க விடுதி அமைத்தார். இன்று அந்த ஊரின் பெயரே சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாடா. ‘கல்பாதையின் புனித தொமிங்கோ’ என்று பொருள். புர்கோஸ் நகரில் எட்டாம் அல்போன்சோ மன்னர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாத்திரிகர்களுக்காக நிறுவிய மருத்துவமனை வளாகத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை இயங்குகிறது. நான் கடந்துபோனபோது யாத்திரிகர் படுத்திருந்த இடத்தில் மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சந்தியாகோ பேராலயத்தின் பக்கத்திலேயே அரச தம்பதியர் ஏழை யாத்திரிகர்களுக்காகக் கட்டிய பெரிய மருத்துவமனையோ ஐந்து நட்சத்திர ஹோட்டலாகிவிட்டது. எல்லாக் கொடையும் சட்டத் துறையில் போய் முடிவதில்லை.

பிறருக்காக நடப்பதும் அங்கே பழைய வழக்கம். இடைக்காலத்தில் தாங்கள் போக முடியாதவர்கள் காசு கொடுத்து இன்னொருவரை அனுப்பினார்கள். உயில் எழுதிவைத்துப் போனவர்களும் உண்டு. இப்போதும் நோயுற்றவருக்காகவோ இறந்துபோனவருக்காகவோ நடந்தால் அவர் பெயரையும் சான்றிதழில் குறித்துத் தருகிறார்கள். நம் வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நேர்ந்துகொள்வதும் அவனுக்குக் குணமானதும் அவளே பால்குடம் எடுப்பதும் இதே மாதிரிதானே. ஒருவருடைய கால் இன்னொருவருடைய வேண்டுதலைச் சுமக்கலாம் என்பதை எந்தச் சமயத்தாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர் யாரும் ‘அலகுக்கு ஒரு வெள்ளி’ என்று நன்கொடையாளர் பட்டியல் வைப்பதில்லை. நேர்த்திக்கடன் அவருடையது, செலவும் அவருடையது. வழியில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவரின் செலவு பந்தல் வைப்பவருடையது. இரண்டு கணக்கும் ஒரே தெருவில் நடக்கின்றன, ஒன்றோடொன்று கலப்பதில்லை. நிதிதிரட்டு நடைக்கும் இதுதான் சரியான முறை என்பது என் வாதம்.

நான் கிளம்பப்போகிறேன் என்றதும் என் பெரியம்மா கேட்டார்: “ஏம்பா, அந்த டிக்கெட்டுக் காச அப்படியே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டா ஆகாதா?”

இதைவிட நல்ல கேள்வியை எந்தக் கணக்காய்வாளரும் கேட்க முடியாது. என் விமானச் சீட்டும், 34 நாள் தங்கல், சாப்பாடும் சேர்த்து 3,400 வெள்ளி ஆயிற்று. அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளம் 3,200 வெள்ளி. அதாவது, என் நடை ஓர் ஆசிரியரின் ஓராண்டைவிட விலை கூடியது. கையில் எண்ணிப் பார்த்தால் பெரியம்மா சொன்னதுதான் சரி.

நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: பட்டம் வாங்கிவிட்டு வேலையில் சேருமுன் நான் எப்படியும் நடக்கப்போகும் நடை இது. இரண்டு ஆண்டு துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். என் விடுமுறைக்கு நான் செலவழிக்கிறேன். இதில் தியாகம் எதுவும் இல்லை. அப்படி யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை. நன்கொடை கேட்பது அந்தப் பள்ளி நன்கொடைக்குத் தகுதியானது என்பதற்காக. நான் கால் வலிக்க நடப்பதற்காக அல்ல. பெரியம்மா முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் 200 வெள்ளி தந்தார். “பள்ளிக்கூடத்துக்கு, உனக்கில்ல” என்று சொல்லித்தான் தந்தார்.

அந்த வரியை நிதி திரட்டும் ஒவ்வொரு குழுவும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். எனக்கு வந்த மூன்று தகவல்களில் ஒன்றில் ‘பயணச் செலவு போக மீதம்’ பள்ளிக்குப் போகும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு நான் பணம் தரவில்லை. ஆறு பேர் ஐரோப்பா போய்வர ஆகும் செலவைக் கழித்துவிட்டு மீதம் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு மிஞ்சும்? சிங்கப்பூர் அறநிறுவனங்களுக்கு ஏற்கெனவே ஒரு வரம்பு உண்டு. நிதி திரட்டுவதற்கு ஆகும் செலவு, திரட்டிய மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அது மேல்வரம்பு. மாணவர்கள் அதுவரை செலவழிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடையாளரின் பயணத்துக்குப் பூச்சியம் என்பதுதான் என் எண்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படித் திரட்டும் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. தனிப்பட்ட நன்கொடைகள் போன்றவற்றுக்கு விலக்குக் கேட்கலாம். நண்பர்கள் குழுவில் ஒரு பேநவ் எண்ணைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைப் படிப்பது நல்லது. நாங்கள் பதிவுபெற்ற ஓர் அமைப்பின் வழியாகப் போனோம். விண்ணப்பம், பள்ளியின் கடிதம், வரவுசெலவுத் திட்டம் என்று சில மாதங்கள் ஆயின. அலுப்பான வேலைதான். ஆனால் ‘இந்தப் பணம் யாருடைய கணக்கில் விழும், யார் கையெழுத்துப் போடுவார், கூடுதலாக வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று அந்தப் படிவங்கள் கேட்ட கேள்விகளை நாங்களாகக் கேட்டிருக்க மாட்டோம்.

இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்க மலையேறி கிரெக் மார்ட்டென்சனின் கதையைப் பாருங்கள். 1993இல் கே2 சிகரத்தை எட்ட முடியாமல் திரும்பியவர், பாகிஸ்தானின் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டித்தருவதாக வாக்குக் கொடுத்தார் என்று 2006இல் வந்த ஒரு நூல் உலகெங்கும் விற்றது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளைச் சேர்த்து அவருடைய அமைப்புக்கு அனுப்பினார்கள். 2011இல் கதையின் சில பகுதிகள் உண்மையல்ல என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கணக்கும் கிளறப்பட்டது. மறு ஆண்டு மொன்டானா மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியின் விசாரணை, அமைப்பின் பணம் அவருடைய சொந்தச் செலவுகளுக்கும் போயிருந்ததைக் கண்டது. சுமார் ஒரு மில்லியன் டாலரைத் திருப்பிச் செலுத்த அவர் ஒப்புக்கொண்டார். அந்த அமைப்பு பள்ளிகளே கட்டவில்லை என்று சொல்லமுடியாது, கட்டியது. ஆனால் பயணம் செய்தவரின் கதை பெரிதாகிப் பள்ளியின் கணக்கு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பயணம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்தும் கூடும். காமினோ மிக அழகான பயணம்.

12ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாதைக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதப்பட்டது. அதை எழுதியவருக்கு யார்மேல் கோபம் தெரியுமா? யாத்திரிகர்களிடம் அநியாயமாகச் சுங்கம் வசூலித்தவர்கள் மேலும், படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஓடக்காரர்கள் மேலும். பக்தி போகும் வழியில் வசூலும் கூடவே போகும் என்பது எண்ணூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி.

‘கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி’ என்ற முறையும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரத்தில் கொப்புளம். மூன்றாம் வாரத்தில், மெசேட்டா என்னும் மேட்டுச் சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவே நேராக நீண்ட சாலையில், கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டு பேருந்தில் ஏறியவர்கள் பலரைப் பார்த்தேன். எனக்கும் அப்படி ஆகியிருக்கலாம். ஆகியிருந்தால் 780இல் 400தான் நடந்தேன் என்று பள்ளிக்குப் பாதிப் பணம் அனுப்புவதா? இல்லை, பேருந்தில் போன தூரத்தையும் நடந்ததாக எழுதுவதா? என் கெண்டைக்காலுக்கும் ஒரு கணக்காசிரியரின் சம்பளத்துக்கும் முடிச்சுப் போடுவதில் எந்த நியாயமும் இல்லை. அதனால் நன்கொடையாளர்கள் தொகையை முன்கூட்டியே தந்துவிட்டார்கள். நான் முதல் நாளே திரும்பி வந்திருந்தாலும் அது பள்ளிக்குப் போயிருக்கும்.

கணக்காசிரியர் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது தொண்டூழியக் குழுவோடு போய்ச் சுவருக்குச் சாயம் பூசிய பள்ளி அது. 2015 நிலநடுக்கத்தில் இடிந்து, கொடையாளர்கள் உதவியால் மறுபடி எழுந்தது. நிதி திரட்டுமுன் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டோம். சுவருக்குச் சாயம் ஆண்டுக்கு இரண்டு முறை கிடைக்கிறது, கணக்குச் சொல்லித்தர ஆள்தான் கிடைக்கவில்லை என்றார். அரசாங்கம் ஒதுக்கும் ஆசிரியர் இடங்கள் போதாமல் ஊரார் பணம் போட்டு ஆசிரியரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் நேப்பாளச் சமூகப் பள்ளிகளில் உண்டு. அந்த ஊரில் ஊராரால் முடியவில்லை. மூன்று ஆண்டுச் சம்பளம் 9,600 வெள்ளி. பெயர்ப்பலகை வைக்க முடியாத, படம் எடுத்துப் போட முடியாத செலவு. அதனால்தான் அதற்கு யாரும் நடப்பதில்லை.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளின் முகத்தைப் போட்டுப் பணம் கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். கிழிந்த சட்டையோடு நிற்கும் பிள்ளையின் படத்துக்குக் காசு விரைவாக வரும், உண்மைதான். ஆனால் உங்கள் தம்பியை அப்படி ஒருவர் படமெடுத்து ஸ்பெயினில் நடந்துகொண்டே பகிர்ந்தால் உங்கள் அம்மா ஒப்புவாரா? நாங்கள் பள்ளிக் கட்டடம், கால அட்டவணை, காலியாக இருந்த கணக்குப் பாடவேளை ஆகியவற்றைத்தான் காட்டினோம். பெட்டி போட்டிருந்த அந்தக் காலி இடங்களைப் பார்த்தே பணம் தந்தவர்கள் உண்டு.

அப்படியானால் நடைக்கும் பள்ளிக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஒரு மாதம் நடப்பவரிடம் எல்லாரும் ‘ஏன் நடக்கிறாய்?’ என்று கேட்பார்கள். இரட்டைத் தட்டுக் கட்டில்கள் நிறைந்த விடுதியில், பொதுவாகச் சமைத்த சூப்பைக் குடித்துக்கொண்டே, நான் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கிரான்யோன் என்ற சிற்றூரில் தேவாலயத்தோடு ஒட்டிய விடுதியில் கட்டணமே இல்லை. ஒரு பெட்டி திறந்தபடி இருக்கும். முடிந்ததைப் போடலாம், தேவையென்றால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: மூன்று ஆண்டு முடிந்ததும் அந்தக் கணக்காசிரியர் என்ன செய்வார்? அடுத்த நாள் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் நடந்தேன். வீட்டில் இருந்திருந்தால் கைப்பேசியைத் திறந்து அதை மறந்திருப்பேன். நடை தரும் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்: கேள்வியிலிருந்து ஓட முடியாது, ஏனென்றால் அடுத்த ஊர் இன்னும் 12 கிலோமீட்டர்.

இன்னொன்று. அது பிறருடைய புனித வழி. நான் இந்து, என்னைப் போல் பிற சமயத்தாரும், சமயமே இல்லாதவர்களும் அதில் நடக்கிறார்கள், யாரும் தடுப்பதில்லை. ஆனால் நிறுவனச் சின்னம் அச்சடித்த சட்டையோடு, பதாகை பிடித்துக்கொண்டு, பேராலயத்தின் முன் காணொளி எடுக்கும் குழுக்களைப் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்திலேயே ஒருவர் தரையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். பத்துமலைப் படியில் ஒரு வெளிநாட்டுக் குழு நிதிதிரட்டுப் பதாகையை விரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? பணம் கேட்கும் வேலையைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். 2027 யாக்கோபு திருவிழா ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் அங்கே புனித ஆண்டு. கூட்டம் இன்னும் கூடும்.

ஸ்பெயின் போகப் பணமில்லாதவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஊட்ரம் ரோட்டிலோ உட்லண்ட்ஸிலோ வீட்டிலிருந்து கிளம்பிப் பகலுக்குள் முடிக்கலாம்: ரயில் பாதை நடைவழி 24 கிலோமீட்டர், ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனித் தீவு வரை போகும் கரைக்குக் கரை பாதை 36 கிலோமீட்டர். இரண்டுக்கும் விமானச் சீட்டு வேண்டாம். யாத்திரை என்று சொல்லமுடியாதுதான். ஆனால் பெரியம்மாவின் கேள்வி அங்கே எழாது.

அந்த ஆசிரியையின் கேள்விக்கு இப்போதைக்கு எங்களிடம் அரைப் பதில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டோடு நிறுத்தாமல், ஊரார் ஒரு பங்கு, நாங்கள் ஒரு பங்கு என்று அடுத்த மூன்று ஆண்டுக்குப் பேசியிருக்கிறோம். எங்கள் பங்கு ஆண்டுதோறும் குறைய வேண்டும், அவர்களுடையது கூட வேண்டும். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் நேப்பாளத்திலும் புத்தாண்டு, பள்ளி ஆண்டும் அப்போதுதான் தொடங்கும். ஏப்ரலுக்கு முன் பணம் அங்கே இருக்க வேண்டும். எங்கள் பங்கில் இன்னும் 900 வெள்ளி குறைகிறது. மார்ச் விடுமுறையில் ரயில் பாதையில் நடக்கிறோம். அதற்கான அனுமதி விண்ணப்பத்தைச் சென்ற வாரம்தான் அனுப்பினோம்.